இணையத்தில் ஒரு குடிமராமத்து: தமிழ் விக்கிப்பீடியாவின் பராமரிப்பு – ஒரு திறனாய்வு

தமிழ் விக்கிப்பீடியா என்பது தன்னார்வலர்கள் ஒன்றுகூடி எழுதியும் திருத்தியும் பேணியும் வரும் கட்டற்ற இணையக் கலைக்களஞ்சியம் ஆகும். 2003 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் தொடங்கப்பட்ட இது 2017 இல் ஒரு இலட்சம் கட்டுரைகளைக் கடந்தது. அதைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இந்த எண்ணிக்கையிலிருந்தே தொடங்குகின்றனர். ஆனால் ஒரு கலைக்களஞ்சியத்தின் தரத்தைக் கட்டுரைகளின் எண்ணிக்கை காட்டுவதில்லை. எழுதப்பட்ட கட்டுரையை அதன்பின் யார் பார்க்கிறார்கள், பிழையை யார் திருத்துகிறார்கள், பழையதாகிவிட்ட செய்தியை யார் மாற்றுகிறார்கள் என்பவையே அதைக் காட்டும். அந்த நோக்கில் தமிழ் விக்கிப்பீடியர்களின் கூட்டுப்பணியை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

அச்சுக் கலைக்களஞ்சியங்களின் பட்டறிவு

தமிழில் கலைக்களஞ்சிய முயற்சி இணையத்துடன் தோன்றியதன்று. யாழ்ப்பாணத்தில் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை தொகுத்த அபிதான கோசம் 1902 இல் வெளிவந்தது. ஆ. சிங்காரவேலு முதலியார் தனியொருவராகப் பல ஆண்டுகள் உழைத்துத் தொகுத்த அபிதான சிந்தாமணி 1910 இல் வெளிவந்தது. விடுதலைக்குப் பின் தமிழ் வளர்ச்சிக் கழகம், தி. சு. அவினாசிலிங்கம் செட்டியாரின் முயற்சியாலும் பெரியசாமித் தூரனின் முதன்மை ஆசிரியப் பொறுப்பாலும் பத்துத் தொகுதிகளில் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. அதன் முதல் தொகுதி 1954 இலும் பத்தாம் தொகுதி 1968 இலும் வெளிவந்தன.

இவற்றின் பெருமை எல்லோரும் அறிந்தது. இங்குக் கருதத்தக்கது வேறொன்று. அபிதான சிந்தாமணியின் விரிவான இரண்டாம் பதிப்பு 1934 இல்தான் வந்தது. அதற்குள் தொகுத்தவர் மறைந்துவிட்டார். கலைக்களஞ்சியத்தின் பத்தாம் தொகுதியோ ஓர் இணைப்புத் தொகுதி. முதல் தொகுதி வெளிவந்தபின் உலகம் மாறிவிட்டது, விடுபட்டவற்றையும் புதியவற்றையும் சேர்க்க வேண்டும் என்பதை அதன் ஆசிரியர் குழு உணர்ந்திருந்தது என்பதற்கு அத்தொகுதியே சான்று. ஆக, பராமரிப்பு என்னும் சிக்கல் அச்சுக் காலத்திலேயே இருந்தது. அச்சில் அதைத் தீர்க்க அடுத்த பதிப்பு வரை காத்திருக்க வேண்டும். அடுத்த பதிப்பு வராமலும் போகலாம். இணையக் கலைக்களஞ்சியம் அந்தக் காத்திருப்பை நீக்கியது. அந்த வாய்ப்பு எந்த அளவுக்குப் பயன்படுத்தப்படுகிறது என்பதே கேள்வி.

திருத்தம் பின்னால் வரும் முறை

விக்கிப்பீடியாவுக்கு முன்னோடியாக 2000 ஆம் ஆண்டில் நியூப்பீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியம் தொடங்கப்பட்டது. அதில் துறை அறிஞர்கள் எழுத, பல படிநிலைகளில் சரிபார்க்கப்பட்ட பின்னரே கட்டுரை வெளியாகும். மிகச் சில கட்டுரைகளே இவ்வாறு நிறைவு பெற்றன. 2001 சனவரியில் ஜிம்மி வேல்சும் லாரி சாங்கரும் தொடங்கிய விக்கிப்பீடியா இந்த வரிசையைத் தலைகீழாக்கியது. யாரும் எழுதலாம், எழுதியது உடனே வெளியாகும், சரிபார்த்தல் பின்னர் நடக்கும்.

இவ்வரிசை மாற்றத்தின் பொருளைப் பலர் முழுமையாக உணர்வதில்லை. அச்சு நூலில் பராமரிப்பு என்பது நூல் முடிந்தபின் செய்யும் கூடுதல் வேலை. விக்கிப்பீடியாவிலோ அதுவே சரிபார்ப்பு. வெளியிடுவதற்கு முன் இருந்த ஆசிரியரின் மேசை அங்கு இல்லை. வெளியிட்டபின் பிறர் வந்து பார்ப்பார்கள் என்ற நம்பிக்கைதான் உண்டு. பிறர் வராவிட்டால், அக்கட்டுரை ஒருமுறை கூடத் திருத்தப்படாத கையெழுத்துப் படி மட்டுமே. ஆனால் படிப்பவருக்கு அது மற்ற பக்கங்களைப் போலவே தோன்றும்.

பிறர் வந்து பார்ப்பதற்கான கருவிகள் தமிழ் விக்கிப்பீடியாவில் நன்கு அமைந்துள்ளன. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. யார், எந்த நாளில், எந்தச் சொல்லை மாற்றினார் என்பது அதில் பதிவாகிறது. தவறான மாற்றத்தை முந்தைய நிலைக்கு மீட்கலாம். அண்மைய மாற்றங்கள் என்ற பட்டியல் அன்றன்று நடப்பவற்றைக் காட்டுகிறது. ஒவ்வொரு பயனரும் தமக்கு அக்கறையுள்ள பக்கங்களைக் கவனிப்புப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கட்டுரைக்கும் உரையாடல் பக்கம் உண்டு. எல்லோருக்கும் பொதுவான செய்திகளைப் பேச ஆலமரத்தடி என்ற பக்கம் உண்டு. ஊர்ப் பெரியவர்கள் மரத்தடியில் கூடிப் பேசி முடிவெடுக்கும் வழக்கத்தை நினைவூட்டும் இப்பெயர் பொருத்தமானது. அங்கு வாக்கு எண்ணிக்கையைக் காட்டிலும் இணக்கமான முடிவே வேண்டப்படுகிறது.

வலிமைக்குச் சான்று: கூகுள் மொழிபெயர்ப்புத் திட்டம்

இக்கூட்டுப்பணியின் வலிமை நன்கு வெளிப்பட்ட நிகழ்வு ஒன்று உண்டு. 2009 முதல் சில ஆண்டுகள் கூகுள் நிறுவனம் ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளைச் சில இந்திய மொழிகளில் பெயர்த்துப் பதிவேற்றியது. தமிழிலும் பல நூறு கட்டுரைகள் இவ்வாறு வந்தன. அவை நீளமானவை. எண்ணிக்கையையும் அளவையும் மட்டும் கருதினால் அது பெரிய கொடை.

ஆனால் தமிழ் விக்கிப்பீடியர்கள் அவற்றைப் படித்துப் பார்த்தனர். வாக்கியங்கள் ஆங்கில அமைப்பிலேயே இருந்தன. தமிழ் வாசகருக்கு முதன்மையான தலைப்புகள் பல இன்னும் எழுதப்படாத நிலையில், மேலை நாட்டுக் கேளிக்கை உலகம் சார்ந்த தலைப்புகள் மிகுந்திருந்தன. பதிவேற்றியவர்கள் பின்னர் வந்து திருத்தவில்லை. உரையாடல் பக்கத்தில் கேட்ட கேள்விகளுக்கு மறுமொழி கிடைப்பது அரிதாக இருந்தது. வங்காள விக்கிப்பீடியர்கள் இத்தகைய கட்டுரைகளை ஏற்க மறுத்தனர். தமிழ் விக்கிப்பீடியர்கள் பேச்சுவார்த்தை வழியைத் தேர்ந்தனர். குறைகளைத் தொகுத்து நிறுவனத்துக்குத் தெரிவித்தனர். தலைப்புத் தெரிவிலும் தரத்திலும் மாற்றம் கோரினர். இக்கட்டுரைகளைத் தனியாக அடையாளமிட்டனர். 2010 இல் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் இத்திட்டம் பற்றிய மதிப்பீடு ஒன்றும் தமிழ்த் தரப்பிலிருந்து வைக்கப்பட்டது.

ஊதியம் எதுவும் பெறாத சிலர், உலகின் பெரு நிறுவனங்களுள் ஒன்றிடம், "அளவு போதாது, பொறுப்பும் வேண்டும்" என்னும் பொருள்படப் பேசிய நிகழ்வு இது. எழுதியவர் தம் எழுத்தின் அருகிலேயே இருக்க வேண்டும், கேட்டால் விடை சொல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்பே விக்கிப் பண்பாட்டின் அடிப்படை. அதை அவர்கள் சரியாக அடையாளம் கண்டனர். எனினும் நாணயத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பதிவேற்றப்பட்ட கட்டுரைகளைச் செம்மைப்படுத்தும் சுமை முழுவதும் தன்னார்வலர் தோளில்தான் விழுந்தது.

சொல்லும் எழுத்தும்: தீர்ந்ததும் தீராததும்

தமிழகம், ஈழம், மலேசியா, சிங்கப்பூர், புலம்பெயர் நாடுகள் என எல்லா இடங்களிலிருந்தும் தமிழர் ஒரே பக்கத்தைத் திருத்தும் இடம் தமிழ் விக்கிப்பீடியா. தொடக்க ஆண்டுகளில் அதற்கு அடித்தளம் இட்டவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன், கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் அவருக்கு இயல் விருது வழங்கியுள்ளது. பல நாட்டுத் தமிழர் கூடும்போது சொல் வேறுபாடு எழுவது இயல்பு. தமிழக மாணவர் இயற்பியல் என்பதை இலங்கை மாணவர் பௌதிகவியல் என்று படித்தனர். தமிழகத்தின் ஆக்சிஜன் இலங்கையில் ஒட்சிசன். கிரந்த எழுத்துகளை ஏற்பதா, தவிர்ப்பதா என்ற விவாதமும் நீண்டகாலமாக உண்டு.

விக்கிப்பீடியா இதற்குக் கண்ட தொழில்நுட்பத் தீர்வு வழிமாற்று ஆகும். ரஷ்யா என்று தேடுபவர் உருசியா என்ற பக்கத்துக்குச் சென்று சேர்வார். தலைப்பை ஒட்டிய பூசலை இது பெரிதும் தணித்தது. இரு தரப்பும் ஒரே கட்டுரையில் தொடர்ந்து எழுத முடிந்தது. இது சிறு வெற்றியன்று. தனித்தனிக் கலைக்களஞ்சியங்களாகப் பிரிந்து போகாமல் காத்தது இந்த விட்டுக்கொடுப்புதான்.

ஆயினும் வழிமாற்று தலைப்பைத்தான் தீர்க்கிறது. கட்டுரையின் உடலைத் தீர்ப்பதில்லை. ஆக்சிசன் என்ற வடிவம் தமிழகப் பாடநூலிலும் இல்லை, இலங்கைப் பாடநூலிலும் இல்லை. தொகுப்பாளர் இருவர் சமரசம் செய்துகொண்ட வடிவம் மூன்றாமவரான மாணவருக்கு அயலாகிவிடுகிறது. தனித்தமிழ் நோக்கம் மதிக்கத்தக்கதே. ஆனால் கட்டுரையின் முதல் வரியிலேயே வழக்கிலுள்ள மற்ற வடிவங்களையும் தருவது கட்டாய நடைமுறையாக வேண்டும். சில கட்டுரைகள் அவ்வாறு தருகின்றன, பல தருவதில்லை. எழுதுவோருக்குள் இணக்கம் காண்பதோடு கூட்டுப்பணி முடிந்துவிடுவதில்லை. ஆலமரத்தடிக்கு ஒருபோதும் வராத வாசகரும் அக்கூட்டத்தில் ஒருவர்.

நகலெடுக்கப்படும் பிழை

பராமரிப்பின்மையின் விளைவைக் காட்ட ஓர் எண் போதும்: 59.5. தமிழ்நாட்டு ஊர்களைப் பற்றிய கட்டுரைகள் பலவற்றில் 2001 கணக்கெடுப்பின் மக்கள்தொகை விவரம் ஒரே அச்சுவார்ப்பில் இடம்பெற்றது. ஊரின் மக்கள்தொகை, ஆண் பெண் விழுக்காடு, எழுத்தறிவு ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, அந்த எழுத்தறிவு இந்தியச் சராசரியான 59.5 விழுக்காட்டைவிடக் கூடுதல் என்று முடியும். ஆங்கில விக்கிப்பீடியாவின் இந்திய ஊர்க் கட்டுரைகளிலும் இதே எண் பரவியிருந்தது.

2001 கணக்கெடுப்பின்படி ஏழு வயதும் அதற்கு மேலும் உடையோரிடையே இந்தியாவின் எழுத்தறிவு 64.8 விழுக்காடு. ஊரின் எண்ணுக்கு ஒரு கணக்கெடுப்பும் நாட்டின் எண்ணுக்கு வேறொன்றும் பயன்பட்டால் ஒப்பீடு பொருளற்றது. எந்த வயதினரை எதனோடு ஒப்பிடுகிறோம் என்ற விளக்கமும் அப்பக்கங்களில் இல்லை. உண்மையில் நாட்டுச் சராசரிக்குக் கீழே உள்ள ஊரும் மேலே இருப்பதாகக் காட்டப்பட்டிருக்கலாம்.

இதில் யாருடைய நேர்மையும் குறைந்ததாகக் கூற முடியாது. ஒரு வார்ப்பைக் கொண்டு நூற்றுக்கணக்கான ஊர்களுக்குப் பக்கம் உருவாக்கியவர் நல்லெண்ணத்தில்தான் செய்தார். அதனால்தான் சிற்றூர்கள் பலவும் முதன்முதலாக ஒரு கலைக்களஞ்சியத்தில் இடம்பெற்றன. ஆனால் வார்ப்பு ஒரு பிழையை ஒரே நாளில் நூறு பக்கங்களுக்குக் கொண்டு செல்கிறது. திருத்துபவரோ ஒவ்வொரு பக்கமாகச் செல்ல வேண்டியுள்ளது. தானியங்கியைக் கொண்டு எழுதத் தெரிந்த சமூகம் தானியங்கியைக் கொண்டு திருத்துவதையும் அதே ஆர்வத்துடன் செய்ய வேண்டும்.

மாவட்டங்கள் பிரிந்தபோது

பிழையே இல்லாத கட்டுரையும் காலத்தால் பிழையாகும். 2019 இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, திருப்பத்தூர், இராணிப்பேட்டை, செங்கல்பட்டு ஆகிய ஐந்து மாவட்டங்கள் தமிழ்நாட்டில் புதிதாக உருவாயின. 2020 இல் மயிலாடுதுறை சேர்ந்து மாவட்டங்களின் எண்ணிக்கை 38 ஆனது. நேற்றுவரை வேலூர் மாவட்டத்து ஊராக இருந்த ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குச் சென்றது. ஆற்காடு இராணிப்பேட்டைக்குச் சென்றது. குற்றாலமும் சங்கரன்கோவிலும் திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்கு மாறின. மாமல்லபுரம் செங்கல்பட்டு மாவட்டத்துக்குரியதாயிற்று.

ஓர் அரசாணையில் முடிந்த இம்மாற்றம் கலைக்களஞ்சியத்தில் எத்தனை இடங்களைத் தொடும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஊர்க் கட்டுரை, வட்டக் கட்டுரை, ஊராட்சி ஒன்றியப் பட்டியல், கோயில் கட்டுரை, பள்ளிக் கட்டுரை, ஊரில் பிறந்த எழுத்தாளரைப் பற்றிய கட்டுரை, வரைபடம், பகுப்பு, தகவற்பெட்டி என அனைத்தும் மாற வேண்டும். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒரு விடுதலைப் போராட்ட வீரர் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் பிறந்தார் என்பது வரலாறு. அதைத் தென்காசி மாவட்டம் என்று இயந்திரம்போல் மாற்றினால் புதிய பிழை உண்டாகும். எனவே இது படித்துப் பார்த்து முடிவு செய்யும் மனிதர் செய்ய வேண்டிய வேலை.

இவ்வேலையைச் செய்தவர்கள் உண்டு. அவர்களின் பெயர் பக்க வரலாற்றில் ஒரு வரியாக மட்டும் கிடக்கிறது. புதிய கட்டுரை எழுதியவருக்குக் கிடைக்கும் பாராட்டு, ஒரு மாவட்டப் பெயரை இருநூறு பக்கங்களில் சரிசெய்தவருக்குக் கிடைப்பதில்லை. தமிழ் விக்கிப்பீடியாவின் மீது வைக்கத்தக்க முதன்மையான குறை இதுவே.

எண்ணிக்கை என்னும் மயக்கம்

எண்ணிக்கையை மட்டும் நம்பினால் என்ன நேரும் என்பதற்குப் பிற மொழி விக்கிப்பீடியாக்கள் எடுத்துக்காட்டாகும். பிலிப்பைன்சில் பேசப்படும் செபுவானோ மொழியின் விக்கிப்பீடியா பல இலட்சக்கணக்கான கட்டுரைகளுடன் உலகப் பட்டியலின் மேல்வரிசையில் இருக்கிறது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை ஒரு தானியங்கி உருவாக்கியவை. இசுகாட்சு மொழி விக்கிப்பீடியாவில், அம்மொழி அறியாத அமெரிக்க இளைஞர் ஒருவர் பல ஆண்டுகளாகப் பல்லாயிரம் கட்டுரைகளை எழுதியிருந்தது 2020 இல் வெளிப்பட்டது. அவரும் தீய எண்ணத்துடன் செய்யவில்லை. படித்துப் பார்த்து, இது எங்கள் மொழி அன்று என்று சொல்ல ஆளில்லாமல் போனதுதான் காரணம். குரோவாசிய விக்கிப்பீடியாவில் நிர்வாகிகளின் சிறு குழுவொன்று நெடுங்காலம் ஒருபக்கச் சார்பைப் புகுத்தியதை விக்கிமீடியா நிறுவனத்தின் 2021 ஆம் ஆண்டு அறிக்கை எடுத்துக்காட்டியது.

மூன்று நிகழ்வுகளின் பாடமும் ஒன்றே: கட்டுரைகள் பெருகி, கண்கள் குறைந்தால் கலைக்களஞ்சியம் கெடும். தமிழ் விக்கிப்பீடியா இந்நிலைக்குச் செல்லவில்லை. தமிழை நன்கறிந்தோரே அதை நடத்துகின்றனர். எனினும் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை, ஒரு மாதத்தில் ஏதேனும் ஒரு திருத்தமாவது செய்யும் சில நூறு பேர் பார்த்துக்கொள்ள வேண்டியுள்ளது. அவர்களுள்ளும் இடைவிடாது உழைப்போர் மிகச் சிலரே.

போட்டிகளின் பங்கையும் இங்குக் கருத வேண்டும். 2018 இல் இந்திய மொழிகளுக்கிடையே நடந்த வேங்கைத் திட்டப் போட்டியில் பஞ்சாபி முதலிடமும் தமிழ் இரண்டாமிடமும் பெற்றன. அடுத்த முறை தமிழ் முதலிடம் பெற்றது. இத்தகைய போட்டிகள் புதியவர்களை ஈர்க்கின்றன, சோர்ந்தவர்களை எழுப்புகின்றன. ஆனால் போட்டி முடியும் நாளில் எண்ணிக்கை அறிவிக்கப்படும். அக்கட்டுரைகளை ஐந்தாண்டு கழித்து யார் பார்ப்பது என்பது பரிசு விதிகளில் அடங்காது. இதற்கு மாறாக, 2013 இல் தொடங்கிய தொடர் கட்டுரைப் போட்டி ஏற்கெனவே இருந்த குறுங்கட்டுரைகளை விரிவாக்குவதை நோக்கமாகக் கொண்டது. அத்தகைய போட்டிகளே பெருக வேண்டியவை.

குடிமராமத்து தரும் பாடம்

தமிழகத்துக்குக் கூட்டுப் பராமரிப்பு புதிதன்று. ஏரியின் நீரால் பயன்பெறும் குடிகளே சேர்ந்து தூர்வாரி, கரையை உயர்த்தி, வாய்க்காலைச் செப்பனிடும் வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர். அவ்வழக்கம் தளர்ந்தபோது 1858 இல் சென்னை மாகாண அரசு அதைச் சட்டத்தால் கட்டாயமாக்க முயன்றது. சட்டத்தால் பழைய வழக்கத்தை முழுமையாக மீட்க முடியவில்லை. 2017 இல் தமிழ்நாடு அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியதும் அவ்வழக்கத்தின் தேவையையே காட்டுகிறது.

விக்கிப்பீடியாவுக்கும் ஏரிக்கும் ஒற்றுமை உண்டு, வேற்றுமையும் உண்டு. ஏரியில் நீர் எடுப்பவரும் மண் வாருபவரும் ஒரே ஊரார். விக்கிப்பீடியாவில் நீர் எடுப்போர் இலட்சக்கணக்கானோர். மண் வாருவோர் சில நூறு பேர். வீட்டுப்பாடத்துக்காக ஒரு பக்கத்தை அப்படியே படியெடுக்கும் மாணவர், அதில் தம் ஊரின் மாவட்டப் பெயர் தவறாக இருப்பதைக் கண்டும் திருத்தாமல் செல்கிறார். திருத்தலாம் என்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும், தமக்கு அந்த உரிமை உண்டு என்று நம்புவதில்லை. ஆசிரியர்களுள்ளும் ஒரு சாரார் விக்கிப்பீடியாவை நம்பாதே என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகின்றனர். நம்பாதே என்பதோடு, சரிபார், பிழை கண்டால் சான்றுடன் திருத்து என்றும் சொன்னால்தான் அந்த அறிவுரை நிறைவடையும்.

மதிப்பீடு

தமிழ் விக்கிப்பீடியர்களின் கூட்டுப்பணி, வேறுபட்ட நாடுகளையும் வழக்குகளையும் சேர்ந்தோர் ஒரே பக்கத்தில் இணங்கி எழுத முடியும் என்பதை மெய்ப்பித்துள்ளது. வெளியிலிருந்து வந்த பெருந்திட்டத்தையும் தன் அளவுகோலால் மதிப்பிடும் துணிவு அதற்கு இருந்தது. இவை நிலைத்த சாதனைகள். ஆனால் எழுதுதலுக்கு அது தரும் மதிப்பைப் பேணுதலுக்குத் தரவில்லை. வெளியிட்டபின் திருத்துவது என்பதை அடிப்படையாகக் கொண்ட ஒரு முறையில் இது சிறு குறை ஆகாது. முறையின் பாதியே செயலிழந்து போவதற்கு ஒப்பாகும்.

இதைச் சரிசெய்யப் பெரும் பொருளோ புதிய தொழில்நுட்பமோ தேவையில்லை. ஓராண்டுக்குப் புதிய கட்டுரைகளின் எண்ணிக்கையோடு, சரிபார்க்கப்பட்ட பழைய கட்டுரைகளின் எண்ணிக்கையையும் அறிவிக்கலாம். வார்ப்பால் உருவான பக்கங்களை மாவட்ட வாரியாகப் பகிர்ந்து அந்தந்த ஊராரிடமே ஒப்படைக்கலாம். பள்ளி, கல்லூரிகளில் நடக்கும் பயிலரங்குகளில் புதிய பக்கம் தொடங்கச் சொல்வதற்கு முன், இருக்கும் பக்கம் ஒன்றில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துச் சான்றுடன் திருத்தச் சொல்லலாம். தம் ஊரின் மக்கள்தொகையைச் சரிசெய்த மாணவர் அந்தப் பக்கத்தை மறக்க மாட்டார். மறுபடியும் வந்து பார்ப்பார். அவ்வாறு மறுபடியும் வந்து பார்ப்போர் பெருகும்போதுதான் இக்கலைக்களஞ்சியம் நிலைபெறும்.